கனவு வராத தலையணை

"என் பேரைத் தேடினா என் நாத்தனார் வர்றா, சார்!"

கைப்பையைத் தடாலென்று மேஜை மேல் வைத்துவிட்டு அந்தப் பெண்மணி சொன்ன முதல் வாக்கியம் இதுதான். வணக்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

துப்பறியும் நிலையத்தின் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளை ஏறிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். அங்கே எல்லோரும் அவரை 'புரூஃப்' என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சகத்தை மூடிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தார், பேரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆதாரம் தேடுகிறவருக்குப் பொருத்தமான பட்டப்பேர் என்று வருகிறவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் அவர் திருத்தாமல் விட்ட ஒரே தப்பு அதுதான்.

"தேடினாத்தான் வர்றாங்களா? எனக்கெல்லாம் தேடாமலே வருவாங்க" என்றது எதிர் மேஜைக் குரல்.

அவருடைய உதவியாளர். எட்டு வருஷம் ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் போன் எடுத்தவள். எதிராளி வாயைத் திறக்குமுன் இவள் குரல் ஒலித்துவிடும் என்பதால் பேர் 'ரிங்டோன்'.

"நக்கல் வேண்டாம்மா. நானே வயிறு எரிஞ்சு போய் வந்திருக்கேன்."

வந்தவள் லேப்டாப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'நிம்மதி தலையணையகம்' என்று தட்டினாள். உச்சியில், 'விளம்பரம்' என்ற பொடி எழுத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று வந்தது:

நிம்மதி தேடுகிறீர்களா? மெத்து மெத்துவுக்கு வாருங்கள்! கழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த தலையணைகள்.

"நிம்மதி என் கடை. மெத்து மெத்து அவ கடை. என் வீட்டுக்காரரோட தங்கச்சி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் நிம்மதியை ஆரம்பிச்சோம். ஒரு வருஷமா தனித்தனி. ஒரே தெருதான், நடுவுல நாலு கடை. ஆனா பேச்சுவார்த்தை கிடையாது."

"எதனால பிரிஞ்சீங்க?" என்றார் புரூஃப்.

"பஞ்சா, ஸ்பாஞ்சான்னு ஆரம்பிச்சுது. நான் பஞ்சுதான்னேன். அவ ஸ்பாஞ்சுன்னா. அப்புறம் பேச்சு எங்கெங்கேயோ போயிடுச்சு."

"குடும்பமே பஞ்சாப் பறந்திடுச்சு" என்றாள் ரிங்டோன்.

வந்தவள், அதாவது அந்த நாத்தனாரின் அண்ணி, அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "நெட்ல விளம்பரம்ங்கறது ஏலம் சார். ஒருத்தர் ஒரு வார்த்தையைத் தேடினா, அந்த வார்த்தைக்கு அதிகமா கேட்டவங்க விளம்பரம் மேல வரும். யாராவது அதை அமுக்கினா நாம காசு கட்டணும். இவ என் கடைப் பேருக்கே ஏலம் கேக்கறா! என் பேர்ல நான் மேல வர நானே காசு கட்டிக்கிட்டு இருக்கேன்!"

"சொந்த வீட்டு வாசல்ல நிக்க வாடகை."

"அதேதான்! அதுமட்டுமில்ல. நான் புதுசா எதைப் போட்டாலும் மறுநாள் அவ விளம்பரத்துல இருக்கு. குப்புறப் படுக்கறவங்களுக்குன்னு நடுவுல குழி வச்சுத் தச்சேன். மறுநாளே அவகிட்டயும் குழி. பிள்ளைத்தாச்சிகளுக்கு ஆறடில நீளமா ஒண்ணு தச்சேன். அங்கேயும் ஆறடி. யார் போய்ச் சொல்றாங்கன்னும் எனக்குத் தெரியும்."

"யாரு?"

அவள் குரல் இறங்கியது. "என் வீட்டுக்காரர். புதன்கிழமையானா பல் டாக்டர்கிட்ட போறேன்னு கிளம்பறார். போறது தங்கச்சிகிட்ட. இருக்கறது முப்பத்திரண்டு பல்லு. அதுக்கு நாற்பது புதன்கிழமையா, சார்?"

ரிங்டோன் வாயைத் திறந்தாள். புரூஃப் விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டாள். அந்தப் பெண்மணியின் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வாரமா அவர்கிட்ட நான் பேசறதில்லை. இருபது வருஷத்துல இப்படி இருந்ததே இல்லை." கைப்பையிலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்தாள். "வக்கீல் நோட்டீஸ். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதோட நகலை வக்கீல் அவளுக்கு அனுப்பறார். போயிட்டா அப்புறம் அந்த வீட்டுப் படியை நாங்க மிதிக்க முடியாது. அதுக்கு முன்னாடி எனக்கு உறுதியாத் தெரியணும், அவர்தான் காட்டிக் கொடுத்தாரான்னு."

புரூஃப் உறையைத் தொடவில்லை. "விளம்பர வேலையெல்லாம் யார் பாக்கறாங்க?"

"முதல் பக்கம்னு ஒரு கம்பெனி. கம்பெனின்னா ஒரே ஆள்தான். தங்கமான தம்பி. நாத்தனார் என் பேருக்கு ஏலம் கேக்கறான்னு கண்டுபிடிச்சுச் சொன்னதே அவர்தான். மாசாமாசம் அறிக்கை கொடுத்துடுவார்."

சுருள்கம்பி போட்ட ஒரு புத்தகம் மேஜைக்கு வந்தது. அட்டையில் சிவப்பில் கொட்டை எழுத்து: எதிரி உறங்கவில்லை!

உள்ளே வளைகோடுகள், வட்டங்கள், அம்புக்குறிகள். புரூஃப் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு 'க்'கையும் ஏழாம் பக்கத்தில் ஒரு 'ப்'பையும் போட்டார்.

"இவருக்குக் கூலி எப்படி?"

"நான் விளம்பரத்துக்குச் செலவு பண்றதுல நூத்துக்கு இருபது."

"உங்க வெப்சைட்டோட சாவி, அதாவது பாஸ்வேர்டு, யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. முதல் பக்கம் தம்பிகிட்ட. அவ்வளவுதான்."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"அவருக்குப் போன்ல எழுத்தைப் பெரிசாக்கவே நான் வேணும், சார்."

புரூஃப் பேனாவை மூடினார். "சரி. உங்க வெப்சைட்ல ஒரு புதுச் சரக்கைப் போடுவோம். உலகத்துல யாரும் தைக்காத சரக்கா இருக்கணும். அது எங்கே போய் முளைக்குதுன்னு பாப்போம்."

"கனவு வராத தலையணை!" என்றாள் ரிங்டோன், யோசிக்காமலே.

புரூஃப் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

கனவு வராத தலையனை. தலை வைத்தால் தூக்கம் மட்டும். கனவுக்கு அனுமதி இல்லை.

ரிங்டோன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பாஸ்! தலையணைக்கு மூணு சுழி. நீங்க ரெண்டு சுழி போட்டிருக்கீங்க!"

"தெரியும்."

"தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷம் மத்தவங்க தப்பைத் திருத்தியாச்சு. ஒரு தப்பு நானே பண்ணிப் பாக்கணும்னு ஆசை." லேப்டாப்பை மூடி அண்ணியிடம் நீட்டினார். "இதை நீங்க தொடவே வேண்டாம். வீட்டுல இதைப் பத்தி மூச்சு விடாதீங்க."

"பேசினாத்தானே சார், மூச்சு விடறதுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

*

மறுநாள் புதன்கிழமை. காலை பத்தே முக்காலுக்கு நிலையத்தின் போன் அலறியது. ரிங்டோன் எடுத்துக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். அப்படியும் அறை முழுக்கக் கேட்டது.

"வந்துடுச்சு! மெத்து மெத்து விளம்பரத்துல வந்துடுச்சு! நான் வக்கீலுக்குப் போன் போடறேன்!"

ரிங்டோன் தேடிப் பார்த்தாள். நிஜம்தான்.

கனவு வராத தலையனை! இன்றே வாங்குங்கள், மெத்து மெத்து.

"ரெண்டு சுழி, பாஸ்" என்றாள் மெதுவாக.

புரூஃப் போனை வாங்கினார். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கும்மா. வக்கீலைக் கூப்பிடாதீங்க. நான் போய் ஒரு தலையணை வாங்கிட்டு வந்துடறேன்."

அரை மணியில் அந்தத் தெருவில் இறங்கினார்கள். இந்த முனையில் நிம்மதி. அடுத்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, ஒரு குழாய்ச் சாமான் கடை, ஒரு தையல் மெஷின் ரிப்பேர், ஒரு பேப்பர் கடை. அதற்கப்புறம் மெத்து மெத்து.

உள்ளே கூரை வரைக்கும் தலையணைகள். நடுவில் ஒரு கட்டில். வாங்க வருகிறவர்களை அதில் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை அளப்பது இரண்டு கடைகளுக்கும் பொதுவான முறை. இப்போது அதில் ஒரு வயதான மனிதர் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, தன் தலையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவள்தான் நாத்தனார்.

"ஐயா, தலையணைக்கு உறை போட்டுத் தருவேன். கனவுக்கா பூட்டுப் போட முடியும்?"

"உங்க விளம்பரத்துல இருக்கும்மா! முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் நான். ரிட்டையர் ஆனதுலேர்ந்து தினமும் கனவுல பரீட்சை எழுதறேன். கேள்வித்தாளைத் திருப்பினா எல்லாம் நானே எடுத்த கேள்வி. ஒண்ணுக்கும் விடை தெரியலை! அது இல்லாம நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்."

நாத்தனார் வந்தவர்களைப் பார்த்தாள். "காலைலேர்ந்து இவர் ஆறாவது ஆள். நீங்களும் அதுக்குத்தானா?"

"எனக்குக் கனவு வரலாங்க. ஆனா நல்ல தரமா வரணும். அந்த மாதிரி ஏதாவது இருக்கா?" என்றாள் ரிங்டோன்.

"யாரு இப்படி விளம்பரம் போட்டதுன்னே எனக்குத் தெரியலை!" நாத்தனார் வாத்தியாரின் போனை வாங்கிப் படித்தாள். முகம் சிவந்தது. "இது என் அண்ணியோட வேலைதான். என் பேரைக் கெடுக்க என் பேர்லயே பொய்! என் கடைப் பேருக்கு ஏலம் கேட்டது போதலையா? மெத்து மெத்துன்னு தேடினா நிம்மதிதான் மேல நிக்குது. புதன்கிழமை அண்ணன் வரும்போது கேக்கலாம்னு பாப்பேன். கடையைப் பத்தி வாயே திறக்கமாட்டார். சாப்பிட்டுட்டு இந்தக் கட்டில்ல அரை மணி தூங்கிட்டுப் போயிடுவார். அவருக்கு அங்கே என்ன நிலைமையோ."

கோபம் மாதிரி ஆரம்பித்தது வேறு எதுவாகவோ முடிந்தது.

புரூஃப் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க பேருக்கு அவங்க ஏலம் கேக்கறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்க மார்க்கெட்டிங் தம்பி. விளம்பரம் எல்லாம் அவர்தான் பாத்துக்கறார். தங்கமான பிள்ளை. மாசாமாசம் அறிக்கை கொடுப்பார்."

மேஜைக்கு அடியிலிருந்து அவள் எடுத்தாள். சுருள்கம்பி. சிவப்பில் கொட்டை எழுத்து. எதிரி உறங்கவில்லை!

ரிங்டோன் பேச்சை இழந்து நின்றாள். எட்டு வருஷ வங்கிச் சேவையிலும் இந்த நிலையத்திலும் சேர்த்து அதுதான் முதல் தடவை.

புரூஃப் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு 'க்' போட்டார். ஏழாம் பக்கத்தில் ஒரு 'ப்' போட்டார்.

"அதே இடம்" என்றார்.

*

வெளியே வந்ததும் ரிங்டோனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"ரெண்டு கடைக்கும் ஒரே ஆளா! ஆனா பாஸ், அதனால அவர் திருடினார்னு ஆகுமா? அண்ணியோட வெப்சைட்டைப் பாத்து நாத்தனாரே காப்பியடிச்சிருக்கலாமே. சும்மா நடிச்சிருந்தா?" போனில் நிம்மதியின் வெப்சைட்டைத் திறந்து தேடினாள். மேலும் கீழும் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். "பாஸ்! இங்கே கனவு வராத தலையணையே இல்லை! நீங்க 'வெளியிடு'ன்னு இருக்கற பட்டனை அமுக்கவே இல்லையா?"

"மறந்துட்டேன் போலிருக்கு."

"மறந்துட்டீங்களா!"

"ரெண்டாவது தப்பு" என்றார் புரூஃப் பெருமையாக. "அந்தப் பக்கம் வெளியே வரவேயில்லை, ரிங்டோன். சாவி வச்சிருக்கறவங்க மட்டும்தான் உள்ளே போய் அதைப் பாக்க முடியும். சாவி ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தங்க நம்மகிட்ட வந்து அழுதவங்க. நாத்தனாரால பாக்க முடியாது. பல் டாக்டர்கிட்ட போறவராலயும் முடியாது."

"நாம தூண்டிலே போடலை. மீன் கரைக்கு நடந்து வந்து டப்பாவைத் திறந்து புழுவைத் தின்னுட்டுப் போயிருக்கு!" அவள் கைதட்டினாள். பிறகு நின்றாள். "ஆனா எதுக்கு பாஸ்? ரெண்டு பேருமே அவருக்குச் சோறு போடறவங்கதானே?"

"நூத்துக்கு இருபது. அண்ணி ஏலத்தை ஏத்தினாத்தான் நாத்தனாரை ஏத்தச் சொல்ல முடியும். அவங்க ஏத்தினா மறுபடி இவங்க. ரெண்டு பேரும் ஒருநாள் உக்காந்து பேசிட்டா தம்பியோட பிழைப்பு போச்சு. அதனால பேசவிடாம பாத்துக்கறார். குழி வச்ச தலையணைகூட அவர் தூக்கிட்டுப் போனதுதான்."

புரூஃப் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, மூக்குக்கண்ணாடிக் கடைச் சுவரில் வைத்து மூன்று வரி எழுதினார். "உன் போன்ல ஒரு விளம்பரம் போட எவ்வளவு நேரமாகும்?"

"போட அஞ்சு நிமிஷம். ஒப்புதல் வர ஒரு மணி. யாருக்கு?"

காகிதத்தைக் கொடுத்தார். படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் குழாய்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

*

மூன்றரை மணிக்கு அண்ணி மெத்து மெத்துவின் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"இங்கே எதுக்கு சார் என்னை வரச் சொன்னீங்க?"

"நோட்டீஸை நேர்லயே கொடுத்துடலாமே. தபால் செலவு மிச்சம்" என்றாள் ரிங்டோன்.

கடையின் பின்கட்டில், தையல் மெஷின்களுக்கு நடுவில் ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் அண்ணி, மறுகோடியில் நாத்தனார். நடுவில் ஆளுயரத்துக்கு அடுக்கிய தலையணைகள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. புரூஃப் இரண்டு அறிக்கைகளையும் எடுத்தார். அண்ணியுடையதை நாத்தனாரிடமும், நாத்தனாருடையதை அண்ணியிடமும் மாற்றிக் கொடுத்தார்.

"பதினோராம் பக்கம், முதல் வரி. சத்தமாப் படிங்க."

"'மெத்து மெத்து உங்கள் பெயருக்கு ஏலம் கேட்கிறது. உடனே உயர்த்துவோம்'" என்று நாத்தனார் படித்தாள்.

"'நிம்மதி உங்கள் பெயருக்கு ஏலம் கேட்கிறது. உடனே...'" அண்ணி பாதியில் நிறுத்தினாள். "ஒரே தேதி போட்டிருக்கு."

தலையணைச் சுவருக்கு இரண்டு பக்கமும் தாள்கள் புரண்டன.

"நான் முதல்ல உன் பேரைக் கேக்கச் சொல்லவே இல்லை" என்றாள் அண்ணி சுவரைப் பார்த்து. "நீ என் பேரைக் கேக்கறேன்னு அவர் சொன்னப்புறம்தான் கேக்கச் சொன்னேன்."

"என்கிட்டயும் அதையேதான் அண்ணி சொன்னார்."

'அண்ணி' என்ற அழைப்பு ஒரு வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து வந்தது. அண்ணி மேலே இருந்த இரண்டு தலையணைகளை எடுத்துக் கீழே வைத்தாள். இப்போது நெற்றி தெரிந்தது.

சரியாக நாலு மணிக்குத் திரை விலகியது. இஸ்திரி கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை, முகம் கொள்ளாத சிரிப்பு. நாத்தனார் போன் பண்ணி வரச் சொல்லியிருந்த தம்பி.

"மேடம், அவசரம்னீங்களே..." என்றபடி வந்தவர் பெஞ்சின் இரண்டு முனைகளையும் பார்த்தார். சிரிப்பு ஒரு நொடி தடுக்கி, சமாளித்து நின்றது. "அடடே! ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா! ரொம்ப சந்தோஷம்!"

"உக்காருங்க முதல் பக்கம்" என்றார் புரூஃப். "தலையணைக்கு எத்தனை சுழி?"

"என்ன சார்?"

"கடைசில வர்ற ணை. ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"மூணு. இதுகூடத் தெரியாதா?"

"அப்ப விளம்பரத்துல ஏன் ரெண்டு?"

தம்பி போனை எடுத்துப் பார்த்தார். "சே, அது நான் டைப் பண்ணலை சார். அப்படியே காப்பி பண்ணி..." என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

"எங்கேர்ந்து?"

தம்பி போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நிம்மதியோட வெப்சைட்டுக்கு உள்ளேர்ந்து. அந்தப் பக்கம் வெளியே வந்ததே கிடையாது. அது ரெண்டு சுழியோட உள்ளே இருக்கறது எழுதின எனக்கும், சாவி இருக்கறவங்களுக்கும்தான் தெரியும்."

அண்ணி விருட்டென்று எழுந்தாள். "நீங்களா? நான் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேனே! ரெண்டு வாரமா அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே!"

தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டார். பதற்றம் போய் ஒரு மிதப்பு வந்தது. "மேடம், நான் பொய் ஒண்ணும் சொல்லலை. அவங்க உங்க பேருக்கு ஏலம் கேட்டது நிஜம். நீங்க அவங்க பேருக்குக் கேட்டதும் நிஜம். ரெண்டு பேருமே முதல் இடம் வேணும்னீங்க. வாங்கிக் கொடுத்தேன். இதை வெளியில சொன்னா யார் நம்புவாங்க? ஐம்பது கடை என்கிட்ட இருக்கு. என் பேரைத் தேடிப் பாருங்க, முதல் பக்கம் பூரா நான்தான்."

"அப்படியா?" ரிங்டோன் கண்ணை அகல விரித்தாள். "எங்கே, நீங்களே தேடிக் காட்டுங்களேன்."

தம்பி ஒரே விரலால் அலட்சியமாகத் தட்டினார். திரையை அவர்கள் பக்கம் திருப்பப் போனவர், திருப்பாமல் தானே இன்னொரு முறை படித்தார். உச்சியில் இருந்தது இது:

முதல் பக்கம் நிறுவனத்தைத் தேடுகிறீர்களா? உங்கள் எதிரிக்கும் அவர்தான் வேலை பார்க்கிறாரா என்று முதலில் கேளுங்கள். புரூஃப் துப்பறியும் நிலையம்.

அந்தச் சிரிப்பு பத்தாம் பக்கத்துக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது.

"சார், இதை எடுங்க! என் கடைக்காரங்க யாராவது பாத்துடப் போறாங்க!"

"எதுக்கு எடுக்கணும்? ஏலம்தானே" என்றாள் ரிங்டோன். "உங்க பேருக்கு நீங்க ஏத்திக் கேளுங்க. நாங்களும் ஏத்தறோம். எதிரி உறங்கவே மாட்டான், ஜாலியா இருக்கும்."

புரூஃப் கையை நீட்டினார். "ரெண்டு கடையோட சாவி, ரெண்டு விளம்பரக் கணக்கோட சாவி, எல்லாத்தையும் இவங்க கையில கொடுங்க. இந்தத் தெரு மாதிரி வேற எங்கெங்கே ரெண்டு பக்கமும் வேலை பாக்கறீங்களோ, அவங்க எல்லாருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லணும். சொல்லி முடிச்ச நிமிஷம் விளம்பரம் போயிடும். எத்தனை ஜோடி?"

தம்பி தரையைப் பார்த்தார்.

"எத்தனை?"

"இதைச் சேர்க்காம பதினோரு ஜோடி, சார்."

"ஐயோ" என்றாள் ரிங்டோன். "ஒரு ஊரையே பேசவிடாம வச்சிருக்கீங்களே."

சாவிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாத்தியார் இறங்கிப்போன முன்கட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்து அவர் முதல் போனைப் போட்டார். "சார் வணக்கம்... ஒரு சின்ன விஷயம் சொல்லணும்... நீங்க உக்காந்திருக்கீங்களா?" என்று அவர் மென்று விழுங்குவது பின்கட்டு வரைக்கும் கேட்டது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அண்ணி வக்கீலை அழைத்து, "அனுப்பாதீங்க" என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டாள். அடுத்து இன்னொரு எண்ணை அழைத்தாள். "ஏங்க, பல்லு எப்படி இருக்கு?" என்றாள். எதிர்முனையில் என்ன பதில் வந்ததோ, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரிங்டோன் அதற்குள் நிம்மதியின் கணக்கைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த அறிக்கையில வராத ஒண்ணு இருக்கு. உங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல விளம்பரத்தை அமுக்கி வரலை. கழுத்து வலின்னு தேடறாங்க, காசே கட்டாம நீங்க தானா மேல வர்றீங்க. எல்லாரும் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் வர்றாங்க. 'கழுத்து வலிக்கு எந்தத் தலையணை?'ன்னு ஒரு கட்டுரை. பிரமாதமா எழுதியிருக்கு. யாரு எழுதினது?"

நாத்தனார் மெல்ல நிமிர்ந்தாள். "அது நான் எழுதினது. பிரியறதுக்கு முன்னாடி. இன்னும் அங்கேயா இருக்கு? எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"எடுக்கலாம்னு மூணு தடவை உக்காந்தேன்" என்றாள் அண்ணி. "நல்லா எழுதியிருக்கே. மனசு வரலை."

அவள் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து இறக்கத் தொடங்கினாள். நாத்தனாரும் அந்தப் பக்கத்திலிருந்து இறக்கினாள். பெஞ்சு காலியாயிற்று.

புரூஃப் கண்ணாடியை உறைக்குள் வைத்தார். "அப்ப நாங்க வர்றோம்."

"ஒரு நிமிஷம் சார்." நாத்தனார் அளவு நாடாவை விரலில் சுற்றினாள். "எல்லாம் அந்தத் தம்பி தலையில போட்டுட்டு நான் நல்லவளா உக்காந்திருக்கறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. அண்ணி, தினமும் காலைல கடை திறந்ததும் முதல் வேலையா உங்க விளம்பரத்தைத் தேடி எடுத்துப் பத்து தடவை அமுக்குவேன். உங்க காசு கரையட்டும்னு."

அண்ணி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நாத்தனார் பதறிப் பக்கத்தில் வந்தாள்.

"பத்துதானா?" என்றாள் அண்ணி, பொத்திய கைக்கு உள்ளேயிருந்து.

"ஏன் அண்ணி?"

"நான் பதினஞ்சு. என் போன்ல அமுக்கி அலுத்துப்போனா, கடைக்கு வர்றவங்க கட்டில்ல படுத்ததும் அவங்க போனை வாங்கி இன்னும் நாலு."

"அடிப்பாவி அண்ணி!" என்று நாத்தனார் கைக்குக் கிடைத்த தலையணையால் அவளை ஓங்கி ஒரு போடு போட்டாள். இரண்டு பேரும் பெஞ்சில் சரிந்து சிரித்தார்கள். புரூஃபுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

திரை விலகியது. காதில் போனோடு தம்பி நின்றார். முகத்தில் நிஜமான அதிர்ச்சி, நிஜமான துக்கம்.

"அதெல்லாம் நீங்களா? ரெண்டு கடைக்கும் தினமும் காலைல அப்படி ஒரு கூட்டம் வர்றதைப் பாத்து, என் திறமைன்னு நினைச்சு அறிக்கையில 'அமோக வரவேற்பு'ன்னு எழுதினேனே, மேடம்!"

இரண்டு தலையணைகள் ஒரே நேரத்தில் பறந்தன. ஒன்று பஞ்சு, ஒன்று ஸ்பாஞ்சு. இரண்டுமே குறி தப்பவில்லை.